பலகையில் இருந்த எண்

இந்த வாரம் நேரா கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாக்குமூலம்.

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு சர்வீஸ் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்துடுச்சு. காலையில மீட்டிங். அலர்ட் வந்துச்சா? வந்துச்சு. யாராவது பார்த்தீங்களா? யாரும் பார்க்கல. ஏன் பார்க்கல? அந்த அலர்ட் ஒரு நாளைக்கு இருபது தடவை சும்மா சும்மா வரும், அதனால மூணு மாசம் முன்னாடி யாரோ மியூட் பண்ணிட்டாங்க. யாரோ இல்ல. நான்தான்.

எங்க விஷயத்துல பெருசா ஒண்ணும் ஆகல. சில பேருக்கு ஆர்டர் போய்ச் சேரல, மன்னிப்பு மெயில் அனுப்பினோம், முடிஞ்சது. அன்னைக்கு சாயங்காலம் அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அப்பா 31 வருஷம் ஒரு கெமிக்கல் பிளாண்ட்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். கேட்டுட்டு சிரிச்சார். அப்புறம் சொன்னார்: "நீ மியூட் பண்ணா மெயில் வரும்மா. நாங்க மியூட் பண்ணா ஆம்புலன்ஸ் வரும்."

இந்த எபிசோட் அங்கேதான் ஆரம்பிச்சது.

அப்பா வேலை பார்த்த இடத்தில், கேட்டுக்கு உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய பச்சைப் பலகை இருக்கும். "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதி, கீழே ஒரு எண். செக்யூரிட்டி தினமும் காலையில் சாக்பீஸால் அதை மாற்றி எழுதுவார். சின்ன வயதில் ஆயுத பூஜைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். ஸ்கூல்ல போய் சொல்லுவேன், எங்கப்பா கம்பெனியில நானூறு நாளா யாருக்கும் அடிபடலன்னு.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவோட ஷிப்டில் இருந்த ஒருவருக்கு, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கையில் காஸ்டிக் பட்டு முழங்கை வரை வெந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி. மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் கம்பெனி ஜீப். அவரைக் கூட்டிக்கொண்டு போய் டைம் ஆபீஸில் ஒரு நாற்காலியில், கையில் கட்டோடு, எட்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வேலை எதுவும் இல்லை. சும்மா உட்காரணும். அவர் வேலைக்கு வரவில்லை என்றால் அது "வேலைநாள் இழந்த காயம்" என்று கணக்கில் ஏறிவிடும், பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். அவர் வந்துவிட்டார் அல்லவா? அதனால் பலகையில் எண் ஒன்று கூடியது.

பாதுகாப்புக் கலாச்சாரம், சேஃப்டி கல்ச்சர் என்று கார்ப்பரேட் உலகத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். போஸ்டர் ஒட்டுகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த வார்த்தையே ஒரு விபத்திலிருந்து வந்தது. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு எழுதிய அறிக்கையில்தான் அது பெரிய அளவில் உலகத்துக்கு அறிமுகமானது. ஆனால் அந்த விஷயம் வார்த்தையைவிட ரொம்பப் பழசு. இன்றைக்கு அதன் வரலாற்றை ஐந்து இடங்கள் வழியாகப் பார்க்கலாம். ஐந்திலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கீழே இருக்கிற ஒருத்தனுக்குத் தெரிந்த கெட்ட செய்தி, மேலே முடிவெடுக்கிறவனிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுது?

முதல் இடம்: முதலாளி வீடு எங்கே இருக்கிறது?

1802. அமெரிக்காவில் டெலவேர் மாநிலம், வில்மிங்டன் ஊர் பக்கத்தில் பிராண்டிவைன் என்று ஓர் ஆறு. அதன் கரையில் பிரான்ஸிலிருந்து வந்த ஒருவர் வெடிமருந்து ஆலை கட்டுகிறார். பெயர் எலுதேர் இரேனே டூபாண்ட். வேதியியல் பாடத்தில் படித்த லவோய்சியே ஞாபகம் இருக்கா? அவரிடம் வெடிமருந்துத் தொழிலைக் கற்றுக்கொண்டவர் இவர். இன்றைக்கு டூபாண்ட் என்று நமக்குத் தெரிந்த நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான்.

கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றையும் அரைத்துக் கலக்கிற வேலை. ஒரு பொறி போதும். டூபாண்டுக்கு இது தெரியும். அதனால் அரைக்கும் கட்டடங்களை ஒரு விசித்திரமான வடிவத்தில் கட்டினார். மூன்று பக்கமும் கனமான கருங்கல் சுவர். ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கமும் கூரையும் மட்டும் லேசான மரம். வெடித்தால் வெடிப்பு அந்த லேசான பக்கம் வழியாக ஆற்றை நோக்கிப் போய்விடும், பக்கத்துக் கட்டடம் தப்பும். கட்டடங்களுக்கு நடுவே இடைவெளியும் விட்டார். நம்ம பாஷையில் சொன்னால், ஒரு சர்வர் விழுந்தாலும் மொத்த சிஸ்டமும் விழக்கூடாது என்கிற டிசைன். 1802-ல்!

1811-ல் எழுத்தில் விதிகள் வந்தன. ஆலைக்குள் நெருப்புக்கு இடமில்லை, குடித்துவிட்டு வேலைக்கு வரக்கூடாது என்கிற மாதிரி. ஆனால் எனக்கு அந்த விதிகளைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. டூபாண்டின் வீடு அந்த ஆலைகளுக்கு மேலே இருந்த மேட்டில் இருந்தது. மனைவி, குழந்தைகள் எல்லோரும் அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் ஆலை. புதிதாகக் கட்டிய ஆலையையோ பழுதுபார்த்த ஆலையையோ முதலில் நிர்வாகத்தில் இருக்கிற ஒருவர் இயக்கிப் பார்த்த பிறகுதான் தொழிலாளி உள்ளே போகலாம் என்று ஒரு விதி இருந்ததாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது.

1818 மார்ச்சில் பெரிய வெடிப்பு. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டூபாண்டின் வீடு சேதமானது, அவர் மனைவிக்கும் காயம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த நிறுவனம் பென்ஷன் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது அபூர்வம். பிறகு 1857-ல் அவருடைய மகன் அலெக்சிஸ் ஒரு வெடிப்பில் இறந்தார். 1884-ல் பேரன் லாமோட் நைட்ரோகிளிசரின் வெடிப்பில் இறந்தார்.

இதை ஒரு நல்ல முதலாளி கதையாக நான் சொல்லவில்லை. 1921-ல் அந்த ஆலைகள் மூடப்படும் வரை 200-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தொழிலாளிகள். நான் கவனிக்கச் சொல்வது தூரத்தை மட்டும்தான். முடிவெடுக்கிறவன் வெடிச் சத்தம் கேட்கிற தூரத்தில் தூங்கினான். கெட்ட செய்தி அவனுக்குப் போய்ச் சேர ரிப்போர்ட் தேவைப்படவில்லை.

இரண்டாவது இடம்: சாக்பீஸ் டிராயிங்

நூற்றைம்பது வருஷம் தாண்டி வரலாம். 1974, இங்கிலாந்து, லிங்கன்ஷயரில் ஃபிளிக்ஸ்பரோ என்று ஒரு கிராமம். அங்கே நைப்ரோ என்கிற நிறுவனம் நைலானுக்கான மூலப்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஆறு ரியாக்டர்கள் வரிசையாக, படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சற்று கீழே. உள்ளே சைக்ளோஹெக்சேன், சுமார் 155 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தோடு. பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்கிற திரவம்.

மார்ச் மாத முடிவில் ஐந்தாவது ரியாக்டரில் விரிசல். கிட்டத்தட்ட ஆறடி நீளம். சரி, அதைக் கழற்றிவிட்டு நாலையும் ஆறையும் இணைத்தால் உற்பத்தி ஓடுமே என்று முடிவு செய்தார்கள்.

கேட்கிற இன்ஜினியர்களுக்கு இப்பவே வயிறு கலக்கும். ஆமா, இது ஹாட்ஃபிக்ஸ். டெஸ்ட் இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன்ல.

ரியாக்டர்களின் வாய் 28 அங்குலம். கையில் இருந்த குழாய் 20 அங்குலம். இரண்டு ரியாக்டர்களும் வேறு வேறு உயரம், அதனால் குழாயை இரண்டு இடத்தில் வளைத்துப் பற்றவைத்தார்கள். இரண்டு முனையிலும் துருத்தி மாதிரி மடிப்புள்ள பெல்லோஸ். கீழே தாங்குவதற்குச் சாரம். இந்தக் குழாய்க்கு இன்ஜினியரிங் டிராயிங் என்று எதுவும் கிடையாது. ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் முழு அளவில் ஒரு படம் வரைந்தார்கள். அவ்வளவுதான். அழுத்தம் ஏறும்போது அந்த வளைந்த குழாய் எப்படித் திருகிக்கொள்ளும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த ஆலையில் ஒர்க்ஸ் இன்ஜினியர் என்கிற பதவி அப்போது காலியாக இருந்தது. முன்பு இருந்தவர் போய்விட்டார், புதியவர் வரவில்லை. அதனால் "இது தப்பு" என்று சொல்லும் அளவுக்கு மெக்கானிக்கல் அறிவு உள்ள ஆள் அந்த முடிவெடுத்த அறையிலேயே இல்லை. தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு மாதம் ஓடியது. ஜூன் 1, சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு குழாய் பிய்த்துக்கொண்டது. ஆவி மேகமாகப் பரவித் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். அதில் 18 பேர் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள். அங்கே இருந்த யாரும் பிழைக்கவில்லை. வார நாளாக இருந்திருந்தால் அலுவலகக் கட்டடம் முழுக்க ஆட்கள் இருந்திருப்பார்கள்.

கெமிக்கல் துறையில் இன்றைக்கு "மேனேஜ்மென்ட் ஆஃப் சேஞ்ச்" என்று ஒரு நடைமுறை கட்டாயம். தற்காலிகமாக ஒரு குழாயை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் எழுத்தில், தகுதியுள்ள இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். நாம் கோட் ரிவ்யூ என்று சலித்துக்கொண்டு செய்கிறோமே, அதேதான். ஃபிளிக்ஸ்பரோவுக்குப் பிறகுதான் அந்தத் துறை இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது.

அதே காலத்தில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் டிரெவர் கிளெட்ஸ் என்று ஒரு வேதியியலாளர் இன்னும் ஆழமான ஒன்றைச் சொன்னார். ஆபத்தான பொருளைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது எப்படி என்று யோசிக்கும் முன், அவ்வளவு பொருள் நமக்கு ஏன் வேண்டும் என்று கேளுங்கள். இல்லாத பொருள் கசியாது. அவ்வளவு எளிமை. இந்த வரியை மனசுல வச்சுக்கங்க, அடுத்த இடத்துக்குப் போறோம்.

மூன்றாவது இடம்: சொன்னார்கள், கேட்கவில்லை

போபால். 1984 டிசம்பர் 2 இரவு, 3 விடியற்காலை.

யூனியன் கார்பைடு இந்தியா ஆலை, பூச்சிக்கொல்லி தயாரிப்பது. அதற்கு இடைப்பொருள் மெத்தில் ஐசோசயனேட், சுருக்கமாக எம்ஐசி. ஈ610 என்று எண்ணிட்ட தொட்டியில் மட்டும் சுமார் 40 டன் இருந்தது. அதற்குள் தண்ணீர் போனது. எப்படிப் போனது என்பதில் சண்டை உண்டு. குழாய் கழுவியபோது போனது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று கம்பெனி சொன்னது.

நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஏன்னா யார் சொல்வது சரி என்றாலும் அடுத்த கேள்வி மாறாது: தண்ணீர் போனால் தடுக்கத்தானே இத்தனை அடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், அவை எங்கே?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தொட்டியைக் குளிராக வைத்திருக்க குளிர்பதன அமைப்பு: பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் கரைசலில் கழுவும் ஸ்க்ரப்பர்: ஸ்டாண்ட்பையில். மிச்ச வாயுவை எரிக்கும் ஃபிளேர் கோபுரம்: அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டு பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீர் பீய்ச்சும் அமைப்பு: வாயு வெளியேறிய உயரத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை. மீட்டர்கள்: அடிக்கடி தப்பாகக் காட்டியதால் ஆபரேட்டர்கள் அவற்றை நம்புவதை எப்போதோ விட்டிருந்தார்கள். ராத்திரி அழுத்தம் ஏறியதை மீட்டர் காட்டியபோதும் முதலில் யாருக்கும் பதற்றம் வரவில்லை.

நான் மியூட் பண்ண அலர்ட் ஞாபகம் இருக்கா? அதேதான். தப்பான அலாரம் தப்பாக அடிப்பதோடு நிற்காது. அது மனிதனுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கும்: என்னை நம்பாதே.

போபாலில் கெட்ட செய்தி இல்லாமல் இல்லை. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையிடத்திலிருந்தே ஒரு பாதுகாப்புக் குழு வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்துப் பல குறைகளை எழுதிக் கொடுத்தது. அதே 1982-ல் ராஜ்குமார் கேஸ்வானி என்கிற உள்ளூர்ப் பத்திரிகையாளர் இந்த ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். ஆக, தொழிலாளி சொன்னான். ஆடிட்டர் சொன்னார். பத்திரிகையாளர் சொன்னார். அந்த நேரத்தில் ஆலை நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்களைக் குறைத்தார்கள், பராமரிப்பைக் குறைத்தார்கள். செய்தி மேலே போனது. மேலே போய் ஒரு ஃபைலாக உட்கார்ந்துகொண்டது.

அன்று இரவு ஊருக்கான சைரன் கொஞ்ச நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. மக்கள் கண் எரிச்சலில் எழுந்து காற்று போகிற திசையிலேயே ஓடினார்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்று யாராவது முன்பே சொல்லிக்கொடுத்திருந்தால் பலருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. சொன்னால் மக்கள் பயப்படுவார்களாம்.

மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த இறப்பு எண்ணிக்கை 3,787. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்லும் எண் அதைவிடப் பல மடங்கு. காயமடைந்தோர் 5 லட்சத்துக்கும் மேல். 1989-ல் 470 மில்லியன் டாலருக்கு வழக்கு சமரசமானது. இந்திய அதிகாரிகள் சிலரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது 2010-ல். 26 வருஷம் கழித்து.

போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான தொழில்களுக்கென்றே ஒரு புதிய அத்தியாயம் சேர்த்தார்கள். அதில் 41 எச் என்று ஒரு பிரிவு. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து வரும் என்று ஒரு தொழிலாளிக்கு நியாயமான அச்சம் இருந்தால், அவர் நிர்வாகத்திடம் நேரடியாகச் சொல்லலாம், அதே நேரத்தில் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம் என்கிற உரிமை. எங்க அப்பாவிடம் கேட்டேன், இந்தப் பிரிவு தெரியுமாப்பா என்று. "யூனியன் மீட்டிங்ல ஒரு தடவை சொன்னாங்கம்மா. கேன்டீன் பக்கம் ஒரு நோட்டீஸ் கூட ஒட்டியிருந்தாங்க, இங்கிலீஷ்ல" என்றார்.

நான்காவது இடம்: சாப்பாட்டு மேஜை

அமெரிக்கா, டெக்சஸ் சிட்டி, 2005 மார்ச் 23. பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு யூனிட்டை அன்றைக்கு மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். ஒரு உயரமான கோபுரத்துக்குள் திரவத்தை ஏற்றினார்கள். வெளியேற வேண்டிய வழி மூடியிருந்தது. திரவ மட்டத்தைக் காட்டும் கருவி, மட்டம் குறைவதாகக் காட்டியது. உண்மையில் கோபுரம் நிரம்பிக்கொண்டிருந்தது. மட்டம் அதிகமானால் அடிக்க வேண்டிய அலாரம் ஒன்று அடிக்கவே இல்லை. போர்டில் இருந்த ஆபரேட்டர்கள் நான்கு வாரத்துக்கு மேல் லீவே இல்லாமல் தினமும் 12 மணி நேரம் வேலை பார்த்தவர்கள்.

பக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான தற்காலிக டிரெய்லர் அலுவலகங்கள். யூனிட்டைத் தொடங்குவது பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று மதியம் அவர்களுக்குக் கம்பெனி சாப்பாடு போட்டது. எதற்கு? ஒரு மாதம் வேலைநாள் இழந்த காயம் எதுவும் இல்லாமல் முடித்ததற்காக. சாப்பிட்டுவிட்டு டிரெய்லருக்குத் திரும்பினார்கள். 1:20-க்கு வெடித்தது. இறந்த 15 பேரும் அந்த டிரெய்லர்களிலும் பக்கத்திலும் இருந்தவர்கள். 180 பேருக்குக் காயம்.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பச்சைப் பலகைதான் கண் முன்னால் வந்தது.

விபத்தை ஆராய்ந்தவர்கள், 2007-ல் வெளியான பேக்கர் குழு அறிக்கை உட்பட, ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் காட்டினார்கள். தனிநபர் பாதுகாப்பு வேறு, செயல்முறைப் பாதுகாப்பு வேறு. வழுக்கி விழுவது, கை வெட்டிக்கொள்வது, ஹெல்மெட் போடாதது எல்லாம் முதல் வகை. தொட்டி, குழாய், வால்வு, அலாரம் எல்லாம் இரண்டாவது வகை. முதல் வகை எண் நன்றாக இருந்ததால் இரண்டாவதும் நன்றாக இருக்கும் என்று நிர்வாகம் நம்பிவிட்டது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்கிற போஸ்டர்கள் அலாரத்தைச் சரிசெய்யாது. டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருந்தது. பச்சை காட்டிய விஷயமும் கொல்லக்கூடிய விஷயமும் வேறு வேறு.

இன்னொன்று. ஒரு எண்ணுக்குச் சாப்பாடும் போனஸும் கட்டிவிட்டால், மக்கள் காயத்தைக் குறைப்பதைவிட எண்ணைக் குறைப்பது சுலபம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மாமா உட்கார்ந்த நாற்காலி அந்தக் கண்டுபிடிப்புதான்.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு கதை உண்டு. அல்கோவா என்கிற அலுமினிய நிறுவனத்துக்கு 1987-ல் பால் ஓநீல் தலைவராக வந்தார். லாபத்தைப் பற்றிக் கேட்க வந்த முதலீட்டாளர்களிடம் தொழிலாளர் பாதுகாப்புதான் முதல் இலக்கு என்று பேசினார். ஆள் ஏதோ மாதிரி என்று சிலர் ஷேரை விற்கச் சொன்னார்களாம். 1996-ல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோவில் உங்கள் ஆலையில் தொழிலாளர்கள் வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். ஓநீல் விசாரித்தார். உண்மை. சம்பவம் நடந்ததும் அதைச் சரிசெய்ததும்கூடத் தலைமையிடத்துக்குச் சொல்லப்படவில்லை. அந்தப் பிரிவின் பெரிய அதிகாரி, நல்ல லாபம் காட்டியவர், வேலையை இழந்தார். விபத்து நடந்ததைவிட அதை மறைத்ததுதான் அங்கே பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது. அந்த ஒரு முடிவு மொத்தக் கம்பெனிக்கும் எத்தனை போஸ்டருக்குச் சமம்!

ஐந்தாவது இடம்: மறுபடியும் டூபாண்ட்

200 வருஷத்தில் டூபாண்ட் பாதுகாப்புக்கே உதாரணம் என்று பெயர் வாங்கிவிட்டது. மற்ற கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வதையே ஒரு தொழிலாகவும் நடத்தினார்கள். அந்த நிறுவனத்தின் டெக்சஸ் லா போர்ட் ஆலையில், 2014 நவம்பர் 15 விடியற்காலை, மெத்தில் மெர்காப்டன் என்கிற நச்சு வாயு ஒரு மூடிய கட்டடத்துக்குள் கசிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 10 டன் வெளியேறியிருந்தது.

என்ன நடந்தது? குழாயில் அடைப்பு. அதை நீக்கச் சில நாட்களாக முயற்சி. அதில் ஒரு வழி திறந்து, திரவம் கழிவு வாயுக் குழாய்க்குள் போனது. அந்தக் கழிவு வாயுக் குழாயில் திரவம் சேர்வது அங்கே வழக்கமான தொந்தரவு. வால்வைத் திறந்து வடித்துவிடுவதும் வழக்கம். அன்றும் அப்படித் திறந்தார்கள். வந்தது வழக்கமான திரவம் இல்லை. கட்டடத்தின் காற்றோட்ட விசிறிகள் வேலை செய்யவில்லை. உதவிக்கு ஓடியவர்களும் சரியான மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே போனார்கள்.

"வழக்கம்" என்கிற வார்த்தையைக் கவனிங்க. நாம கோட்ல "இது எப்பவும் வர்ற வார்னிங்தான், விடு" என்று சொல்வோமே, அந்த விடு. ஒரு நாள் ஒரு குறையோடு ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. ஆறு மாதத்தில் அந்தக் குறைதான் நடைமுறை.

பிராண்டிவைன் மேட்டிலிருந்து ஆலையைப் பார்த்த அந்த ஜன்னல் 2014-ல் எங்கே இருந்தது? பாதுகாப்பு பரம்பரைச் சொத்து கிடையாது. தாத்தா சேர்த்து வைத்ததைப் பேரன் செலவழிக்க முடியாது. ஒவ்வொரு ஷிப்டும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

சரி, அப்ப கலாச்சாரம்னா என்ன?

இந்த ஐந்து கதையையும் வச்சு எனக்குப் புரிந்ததைச் சொல்றேன். ஒரு ஆலை பாதுகாப்பானதா என்று தெரிய, கேட்டில் இருக்கிற பலகையைப் பார்க்காதீங்க. மூன்று விஷயம் கேளுங்க. நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுதுகிற ரிஜிஸ்டர் இருக்கிறதா, அதில் பக்கங்கள் நிறைந்திருக்கிறதா? காலியான ரிஜிஸ்டர்தான் பயப்பட வேண்டிய ரிஜிஸ்டர். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் "நிறுத்துங்க" என்று சொல்லி வேலை நின்ற சம்பவம் கடைசியாக எப்போது நடந்தது? அப்படி நிறுத்தி, பிறகு பார்த்தால் ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது, அவனுக்கு என்ன கிடைத்தது: நன்றியா, மெமோவா?

மூன்றாவது கேள்வி எங்க வீட்டிலிருந்து வந்தது.

ஒரு நைட் ஷிப்ட். ஒரு பம்ப்பை ஓட்டச் சொன்னார்கள். அந்த லைனில் அழுத்தம் கூடினால் திறந்துகொள்ள வேண்டிய ரிலீஃப் வால்வுக்குக் கீழே இருந்த வால்வு மூடியிருந்ததை அப்பா பார்த்தார். பழுது பார்த்தவர்கள் மூடிவிட்டுத் திறக்க மறந்திருக்கலாம், அல்லது கசிவு என்று வேண்டுமென்றே மூடியிருக்கலாம். தெரியாது. ஷிப்ட் இன்சார்ஜ் "ஓட்டுய்யா, காலையில பார்த்துக்கலாம்" என்றார். அப்பா சண்டை போடவில்லை. லாக் புக்கை எடுத்து நீட்டினார். "எழுதிக் குடுங்க சார், ஓட்டுறேன்."

அவர் எழுதவில்லை. பம்ப் ஓடவில்லை. மறுநாள் காலை மெயின்டனன்ஸ் வந்து சரிசெய்த பிறகு பதினோரு மணிக்கு ஓட்டினார்கள். ஒரு வாரம் கழித்து அப்பாவுக்கு ஒரு மெமோ வந்தது. உற்பத்தியைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு.

அந்த மெமோவை அவர் இன்னும் வைத்திருக்கிறார். ரேஷன் கார்டு, எல்ஐசி பத்திரம் எல்லாம் இருக்கிற அதே டிரங்க் பெட்டியில். எதுக்குப்பா வச்சிருக்கீங்க, கோபமா என்று கேட்டேன். "கோபம் என்னம்மா. அன்னைக்கு ஷிப்ட்ல நாங்க பதினொரு பேரு. பதினொரு பேரும் வீட்டுக்குப் போனோம். அதுக்கு என்கிட்ட இருக்கிற ஒரே ரெக்கார்டு அதுதான்."

நடக்காத விபத்துக்கு எந்தப் பலகையிலும் எண் கிடையாது. அதுதான் இந்தத் துறையின் சிக்கல். சரியாக வேலை செய்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பட்ஜெட் வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாததில்தான் முதலில் கை வைப்பார்கள்.

நான் அந்த அலர்ட்டை அன்னைக்கே அன்மியூட் பண்ணேன். அது மட்டும் போதாதுன்னு மறுநாள் புரிஞ்சுது, ஏன்னா மறுபடி இருபது தடவை அடிச்சுது. அது ஏன் தப்பா அடிக்குதுன்னு கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் ஸ்டாண்ட்அப்ல காட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தாங்க. பரவாயில்ல.

உங்க அம்மா, அப்பா, மாமா, யாராவது பிளாண்ட்ல, பட்டாசுல, டேனரியில, டையிங்ல வேலை பார்த்திருந்தா இன்னைக்கு ஒரு போன் போடுங்க. "நீங்க நிறுத்தின வேலை ஏதாவது உண்டா?"ன்னு கேளுங்க. கதை இருக்கும். கம்பெனி பேரு, ஆள் பேரு இல்லாம எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.